கையால் பெயர் எழுதிய தட்டுகள் முதலில்

எங்கள் திருச்சி வீட்டின் கூடத்திலிருந்த தேக்கு அலமாரியைச் சென்ற ஆண்டு வெள்ளையடிப்புக்காக நகர்த்த வேண்டியிருந்தது. உள்ளே இருந்த தட்டுகளையெல்லாம் எடுத்துப் பாயில் பரப்பி, வகைவாரியாகப் பிரித்து எண்ணினேன். ஒலிக் குறுந்தகடுகள் 96, விசிடிகள் 104, டிவிடிகள் 138, புளூரே தட்டுகள் 12. இவை போக, கடையில் வாங்காமல் வீட்டிலோ ஸ்டுடியோவிலோ எழுதி, மார்க்கர் பேனாவால் பெயரிட்டு வைத்த தட்டுகள் 62. ஆக மொத்தம் 412. இவற்றில் பெரும்பகுதி அப்பா சேர்த்தது. 1998இல் அவர் முதல் குறுந்தகட்டை வாங்கியதிலிருந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள், அவருடைய சம்பளத்தில் ஒரு சிறு பங்கு மாதந்தோறும் இந்த அலமாரிக்குள் போயிருக்கிறது. 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, மளிகைச் சாமான் வாங்கப் போன இடத்தில்கூட இரண்டு படங்களை வாங்கிக்கொண்டு வருவார்.

அவற்றைப் போட்டுப் பார்க்க வீட்டில் கருவி எதுவும் இல்லை. டிவிடி பிளேயர் பழுதாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன; லென்ஸ் போய்விட்டது, அதற்கு மாற்று லென்ஸ் இப்போது வருவதில்லை என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். என் மடிக்கணினியில் தட்டு போடும் இடமே கிடையாது. எனவே எல்லாவற்றையும் படியெடுத்து, வீட்டிலேயே ஒரு மீடியா சர்வரில், அதாவது மற்றத் திரைகளுக்குப் படத்தையும் பாட்டையும் அனுப்பித் தரும் கணினியில், ஏற்றி, கூடத்துத் தொலைக்காட்சியிலும் அப்பாவின் டேப்லெட்டிலும் பார்க்கும்படி செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். வேலை எட்டு மாதங்கள் நீடித்தது. அந்த எட்டு மாதங்களில் கற்றவற்றில் மற்றவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டியது ஒன்றுதான்: எந்தத் தட்டிலிருந்து தொடங்குகிறோம் என்பதே இந்த வேலையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நான் புளூரேயிலிருந்து தொடங்கினேன். படம் துல்லியமாக இருக்கும், தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினால் வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள் என்று நினைத்தேன். அது தவறு. அந்தப் பன்னிரண்டு தட்டுகளும் இன்னும் இருபது ஆண்டுகள் அலமாரியில் கிடந்தாலும் பெரிய சேதமில்லை. அப்படியே கெட்டாலும் அந்தப் படங்கள் உலகில் வேறு ஆயிரம் இடங்களில் இருக்கின்றன. வேறெங்கும் இல்லாதவை அந்த 62 தட்டுகள்தாம். ஒவ்வொன்றுக்கும் உலகில் ஒரே ஒரு படிதான் உண்டு. அந்த ஒரே படிதான் மொத்தச் சேகரிப்பிலும் மிக விரைவாக அழிந்துகொண்டிருந்தது.

அதற்குக் காரணம் தட்டின் உள்ளேயே இருக்கிறது. கடையில் வாங்கும் தட்டில் தகவல் என்பது ஆலையில் அச்சு வைத்து பாலிகார்பனேட்டில் அழுத்திய நுண்ணிய குழிகள். அதன் மேல் அலுமினியப் பூச்சு. வீட்டில் எழுதும் தட்டில் குழிகள் இல்லை. ஒரு சாயப் படலத்தின் மீது லேசர் பட்டு, பட்ட இடம் நிறம் மாறுவதுதான் அங்கே எழுத்து. சாயம் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் வெளுக்கும். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள கூடம் எப்படிக் கொதிக்கும் என்பது திருச்சிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதோடு, சிடி வகையில் தகவல் அடுக்கு இருப்பது நாம் நினைப்பதுபோல அடிப்பக்கத்தில் அல்ல. பெயர் எழுதும் மேல்பக்கத்தை ஒட்டி, மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்றின் கீழே இருக்கிறது. அடிப்பக்கத்தில் கீறல் விழுந்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகமான பிளாஸ்டிக் காப்பாற்றும். மேல்பக்கத்தில் கீறல் விழுந்தால் காப்பாற்ற எதுவும் இல்லை. டிவிடியில் இந்த ஆபத்து குறைவு, அங்கே 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பிளாஸ்டிக் வட்டங்களுக்கு நடுவில் தகவல் அடுக்கு அடைபட்டிருக்கும்.

திருமண ஸ்டுடியோக்கள் அந்தக் காலத்தில் மணமக்கள் படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, பசை தடவித் தட்டின் மேல் ஒட்டித் தரும் வழக்கம் இருந்தது. பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் ஈரப்பதத்தில் அந்தக் காகிதம் சுருங்கி விரியும்போது, பசை தனக்குக் கீழே உள்ள அரக்கையும் பளபளப்பான பூச்சையும் சேர்த்து இழுக்கிறது. தட்டைக் குழல் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால், ஊசியால் குத்தியதுபோல வெளிச்சப் புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் தகவல் போய்விட்ட இடம். ஒட்டியதை உரிக்க முயல வேண்டாம். உரித்தால் பூச்சும் கூடவே வந்துவிடும். தட்டைச் சுத்தம் செய்யும்போதும் மென்மையான சோப்புத் தண்ணீரும் பழைய பருத்தித் துணியும் போதும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. தகவல் சுழல் பாதையில் ஓடுகிறது. அந்தப் பாதையைக் குறுக்கே வெட்டும் சிறு கீறலைத் தட்டின் பிழைதிருத்த ஏற்பாடு சரிசெய்துகொள்ளும். பாதையோடு சேர்ந்து ஓடும் கீறல் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் அந்த ஏற்பாட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பற்பசை தேய்த்தால் கீறல் மறையும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெயர் எழுதிய தட்டில் அதைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

அந்த 62 தட்டுகளில் நான் மிகவும் அஞ்சியது ஒன்றை நினைத்துத்தான். பச்சை மார்க்கரில் ‘கல்யாணம் 2/3’ என்று எழுதியிருந்தது. அக்காவின் திருமணம் 2003 ஆவணியில் நடந்தது. மூன்று விசிடிகளாக ஸ்டுடியோ கொடுத்தது. முதலாவதில் நிச்சயதார்த்தமும் மாப்பிள்ளை அழைப்பும், மூன்றாவதில் விருந்தும் மறுவீடும். இரண்டாவதுதான் முகூர்த்தம். மூலக் கேசட்டுகளை ஸ்டுடியோ அடுத்த திருமணங்களுக்குப் பயன்படுத்திவிட்டது என்பது முன்பே தெரியும். மடிக்கணினிக்கு வாங்கியிருந்த மெல்லிய யூஎஸ்பி டிரைவில் தட்டைப் போட்டு, உள்ளே எம்பெக்ஏவி என்ற அடைவிலிருந்த, படத்தைக் கொண்ட டாட் (DAT) கோப்பை வன்தட்டுக்கு இழுத்துவிட்டேன். பாதியில் பிழைச் செய்தி வந்தது. அதுவரை நகலெடுத்ததும் கையில் தங்கவில்லை.

இந்த இடத்தில் விசிடியின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் தங்கள் திருமணத் தட்டு கெட்டே போய்விட்டது என்று தூக்கி எறிகிறார்கள். எந்தக் குறுந்தகட்டிலும் தகவல் செக்டர் என்ற சிறு துண்டுகளாகப் பிரிந்திருக்கும்; ஒரு செக்டர் 2352 பைட்டுகள். சாதாரணக் கணினித் தகவல் தட்டில் அவற்றில் 2048 மட்டுமே தகவல். மீதியில் 276 பைட்டுகள் கூடுதல் பிழைதிருத்தத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. 1993இல் விசிடியை வகுத்தவர்கள், ஒரு தட்டில் 74 நிமிடப் படத்தை அடக்குவதற்காக அந்தக் கூடுதல் பாதுகாப்பை விட்டுக்கொடுத்து, ஒரு செக்டரில் 2324 பைட்டுகள் வரை படத்தை நிரப்பினார்கள். படத்தில் ஒரு புள்ளி தவறினாலும் கண் பொறுத்துக்கொள்ளும் என்பது கணக்கு. கணினி அப்படிப் பொறுக்காது. ஒரு செக்டர் படிக்கவில்லை என்றாலும் கோப்பு முழுவதையும் தர மறுத்துவிடும். ஆகவே விசிடியைக் கோப்பாக நகலெடுக்கக் கூடாது. செக்டர் செக்டராக, உள்ளது உள்ளபடி, படிக்க முடியாததைத் தாண்டிச் செல்லும் முறையில் தட்டு முழுவதையும் ஒரே பிம்பமாக, அதாவது தட்டின் அச்சு அசலான நகலாக, எடுத்து, பிறகு அதிலிருந்து படத்தைப் பிரிக்க வேண்டும். லினக்ஸில் சிடிஆர்டாவோ என்ற கருவி முதல் வேலையையும், விசிடி-இமேஜர் தொகுப்பிலுள்ள கருவி இரண்டாவதையும் செய்கின்றன. எழுதிய டிவிடிகளுக்கும் கணினித் தகவல் தட்டுகளுக்கும் குனூ டிடிரெஸ்கியூ என்ற கருவி போதும்; அது நன்றாக உள்ள இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைத்து, பிறகு பொறுமையாகத் திரும்பி வரும். வேறொரு டிரைவில் அதே தட்டைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

டிரைவை மாற்றிப் பார்ப்பது என்பது சும்மா செய்து பார்க்கும் காரியமல்ல. ஒரே தட்டை ஒவ்வொரு டிரைவும் ஒவ்வொரு விதமாகப் படிக்கிறது. மெல்லிய டிரைவில் 31ஆவது நிமிடத்தில் நின்றுபோன முகூர்த்தத் தட்டை, நண்பர் ஒருவரின் பழைய மேசைக் கணினியிலிருந்து கழற்றிய பெரிய டிரைவில் போட்டேன். அது வேகத்தைக் குறைத்துக்கொண்டு, சில இடங்களில் முனகிக்கொண்டு, இரண்டே கால் மணி நேரத்தில் தட்டின் இறுதி வரை போய்ச் சேர்ந்தது. படிக்க முடியாமல் போனவை 212 செக்டர்கள். விசிடியில் ஒரு நொடிக்கு 75 செக்டர்கள் ஓடும். அப்படியானால் இழப்பு மூன்று நொடிகளுக்கும் குறைவு. அந்த மூன்று நொடிகளும் எங்கே விழுந்திருக்கின்றன என்று தெரியாமல் அன்றிரவே அக்காவுக்குப் போன் செய்ய மனம் வரவில்லை. முழுவதையும் உட்கார்ந்து பார்த்தேன். தாலி கட்டும் காட்சி முழுமையாக இருந்தது. அட்சதை தூவ வந்த பெரியப்பாவின் முகம் மட்டும் ஒரு கணம் சதுரம் சதுரமாகச் சிதறி, மறுபடி கூடியது. அவர் 2009இல் தவறிவிட்டார். அவர் அசைந்து நடக்கும் காட்சி எங்கள் குடும்பத்தில் வேறெதிலும் இல்லை. கெட்டிமேளம் நிற்பதற்குள் அவர் திரும்பிக் கேமராவைப் பார்த்து, கையால் தள்ளிப் போகச் சொல்கிறார். அந்தக் கை மீண்டது.

படியெடுத்த பிறகு இன்னொரு வேலை இருந்தது. அதே அலமாரியில் தம்பியின் திருமணம், 2011இல் எடுத்தது, டிவிடியாக இருந்தது. அந்தக் காலத்துக் கேமரா ஒரு சட்டத்தை (ஃபிரேமை) இரண்டு பாதிகளாக, ஒற்றை வரிகளைத் தனியாகவும் இரட்டை வரிகளைத் தனியாகவும் பதிவு செய்யும். பழைய குழாய்த் தொலைக்காட்சியில் அது தெரியாது. இன்றைய திரையில், பட்டுப்புடவையின் கரை அசையும்போதெல்லாம் சீப்பால் வாரியதுபோலக் கோடுகள் தெரியும். படக் கோப்புகளை வடிவம் மாற்றும் ஹேண்ட்பிரேக் நிரலில் இந்த வரிப்பின்னலைப் பிரிக்கும் வடிகட்டிகள் இருக்கின்றன. பெரும்பாலோர் நொடிக்கு 25 சட்டங்களாகவே பிரித்துவிடுகிறார்கள். இரண்டு பாதிகளையும் தனித்தனிச் சட்டங்களாக்கி நொடிக்கு 50 என்று வைத்தால், கை அசைவும் மேளக்காரரின் விரல்களும் அன்று கண்ட அதே நளினத்தோடு ஓடுகின்றன. இப்படிச் செய்த பிரதி பார்ப்பதற்கு. எடுத்தது எடுத்தபடி உள்ள மூலப் பிம்பம் பத்திரமாக வைப்பதற்கு. நாளைக்கு இதைவிட நல்ல வடிகட்டி வரும்.

மற்ற பெயர் எழுதிய தட்டுகளில் பெரும்பாலானவை எளிதாக முடிந்தன. மூன்று சிறிய டிவிடிகள், சித்தப்பாவின் கேம்கார்டரில் நேரடியாகப் பதிவானவை, கணினிக்கு வெற்றுத் தட்டுகளாகத் தெரிந்தன. பதிவு முடிந்ததும் கேமராவிலேயே ‘ஃபைனலைஸ்’ செய்திருக்க வேண்டும். செய்யாததால் உள்ளடக்க அட்டவணை எழுதப்படவில்லை. தகவல் அழியவில்லை, முகவரிதான் இல்லை. ஐஸோபஸ்டர் என்ற நிரல் அட்டவணையை நம்பாமல் தட்டை நேரடியாகத் துழாவி, இரண்டிலிருந்து காட்சிகளை எடுத்துத் தந்தது. மூன்றாவது இன்னும் பிடிபடவில்லை. கணினித் தகவல் தட்டு ஒன்றில் தாத்தாவின் ஊர் வரலாற்றுக் குறிப்புகள் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தன. திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு மாற்றியதும் நாற்பது பக்கமும் வந்துவிட்டது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

ஒலிக் குறுந்தகடுகளில் அப்பாவின் உயிர் இருக்கிறது. முக்கால்வாசி கர்நாடக இசை. இவற்றை எம்பி3 ஆக்கக் கூடாது என்று முதலிலேயே தீர்மானித்திருந்தேன். ஒலித்தரம் ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒரு ராகம் தானம் பல்லவி நாற்பத்தைந்து நிமிடம் ஓடும். தட்டில் அதை ராகம், தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் என்று நான்கு தடங்களாகப் பிரித்திருப்பார்கள். ஆனால் இடையில் ஒலி நிற்பதில்லை. பாடகர் ராகத்தை முடித்துத் தானத்துக்குள் நுழையும்போது தம்புரா தொடர்ந்து ஒலித்துக்கொண்டே இருக்கும். எம்பி3 முறை ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது வெற்றொலியைச் சேர்க்கிறது. அதனால் பல பிளேயர்களில் தடம் மாறும் நொடியில் தம்புரா அறுந்து மீண்டும் ஒட்டும். பல்லவியிலிருந்து தனி ஆவர்த்தனத்துக்குப் போகும்போது தாளத்தின் எடுப்பே தப்பிவிடும். ஃபிளாக் வடிவத்தில் இந்த இடைவெளி இல்லை, ஒலியில் ஒரு துளியும் இழப்பில்லை, இடமும் மூலத்தில் ஏறத்தாழ பாதிதான். 96 தட்டுகளும் சேர்ந்து 34 ஜிபி. இன்றைய வன்தட்டில் அது ஒரு மூலைக்குக் காணாது.

எடுப்பதற்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற நிரலைப் பயன்படுத்தினேன். ஆக்யுரேட்ரிப் என்ற பொதுத் தளத்தில், அதே தட்டை முன்பு எடுத்தவர்களின் சரிபார்ப்பு எண்ணோடு நம்முடையதை ஒப்பிட்டுச் சொல்லிவிடும். நம் சபாக் கச்சேரித் தட்டுகள் பல அதில் இல்லை. அவற்றை இரண்டு முறை எடுத்து, இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டேன்.

உண்மையான உழைப்பு பெயரிடுவதில்தான் போயிற்று. மேற்கத்திய இசைக்கென அமைந்த கோப்புக் குறிப்புகளில் கலைஞர், ஆல்பம், பாடல் என்று மூன்று இடங்கள் இருக்கும். நமக்குப் பாடகர் வேறு, வாக்கேயக்காரர், அதாவது பாடலை இயற்றியவர், வேறு. ராகம் வேண்டும், தாளம் வேண்டும். வயலினும் மிருதங்கமும் யார் என்று தெரியாமல் அப்பா ஒரு கச்சேரியையும் கேட்கமாட்டார். ‘இசையமைப்பாளர்’ என்ற இடத்தில் தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், பாபநாசம் சிவன் ஆகியோரின் பெயர்களையும், ‘வகை’ என்ற இடத்தில் ராகத்தையும், குறிப்புரையில் தாளத்தையும் பக்கவாத்தியத்தையும் வைத்தேன். இதனால் ஒரு பெரும் பயன் கிடைத்தது: தோடி என்று தட்டினால் வீட்டில் உள்ள எல்லாத் தோடியும் வரிசையாக வந்து நிற்கின்றன. ராகத்தின் பெயரைத் தமிழிலேயே எழுதினேன். தட்டு உறைகளில் ஒரே ராகத்துக்கு நான்கு விதமான ஆங்கில எழுத்துக்கூட்டல் இருக்கும்; தமிழில் எழுதினால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் இல்லை. மியூசிக்பிரைன்ஸ் என்ற திறந்த தகவல் தளத்தில், ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவிலுள்ள பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தின் காம்ப்மியூசிக் ஆய்வுக் குழு கர்நாடகத் தட்டுகளின் விவரங்களை முறையாகச் சேர்த்திருக்கிறது. என் அலமாரியில் இருந்த சில தட்டுகளுக்கு முழு விவரமும் அங்கே தயாராக இருந்ததைக் கண்டபோது உண்மையிலேயே நெகிழ்ந்துபோனேன். இல்லாத சிலவற்றை நான் சேர்த்திருக்கிறேன்.

டிவிடிகளுக்கு மேக்எம்கேவி என்ற நிரல். தட்டிலுள்ள படத்தையும் ஒலியையும் துணையுரையையும் மாற்றாமல் ஒரே கோப்பாகக் கட்டித் தருகிறது. ஒரு தட்டுக்கு இருபது நிமிடம். மாலையில் மூன்று, நான்கு என்று போட்டு வந்தால் ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும். மூன்று செய்திகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். டிவிடிகள் விற்கும் நாட்டைப் பொறுத்து மண்டல எண்ணோடு பூட்டப்பட்டவை; அத்தான் சிங்கப்பூரில் வாங்கிவந்தவை மண்டலம் 3. இந்தியா மண்டலம் 5. விண்டோஸ் ‘மண்டலத்தை மாற்றவா’ என்று கேட்கும். ஐந்து முறைக்கு மேல் மாற்ற முடியாது, கடைசியாக மாற்றியதிலேயே டிரைவ் பூட்டிக்கொள்ளும். எனவே மறுத்துவிடுங்கள், பெரும்பாலான டிரைவ்களில் மேக்எம்கேவிக்கு அந்த மாற்றம் தேவைப்படுவதில்லை. அடுத்து, ‘மூன்று படங்கள் ஒரே தட்டில்’ என்று விற்ற டிவிடிகளில் 8.5 ஜிபிக்குள் எட்டு மணி நேரத்தைத் திணித்திருப்பார்கள். படம் மங்கலாக இருப்பது நம் படியெடுப்பின் குற்றமல்ல. மூன்றாவது, சுருக்காதீர்கள். டிவிடியை மேலும் சிறிதாக்கச் சொல்லும் வழிகாட்டிகள் ஏராளம். 138 டிவிடிகள் மாற்றமின்றி 840 ஜிபி ஆயின. பாதியாகச் சுருக்கினால் மிஞ்சும் இடத்தின் விலை மிகச் சொற்பம், ஆனால் ஏற்கெனவே ஒருமுறை சுருங்கிய படத்தை மறுமுறை சுருக்கியதால் போன நுணுக்கம் திரும்பி வராது.

ஒரே இழப்பு, தட்டின் முகப்புப் பட்டியல். நம் படங்களின் டிவிடியில் ‘பாடல்கள்’ என்று ஒரு பொத்தான் இருக்குமே, அது கோப்பில் வராது. அப்பா முதல் நாளே கேட்டார்: “பாட்டு மட்டும் தனியா வருமாப்பா?” தட்டிலிருந்த அத்தியாயப் பிரிப்புகள் மட்டும் கோப்பில் எண்களாக வந்திருந்தன. எம்கேவி-டூல்நிக்ஸ் என்ற இலவசக் கருவியில் அந்த எண்களுக்குப் பதிலாகப் பாடலின் முதல் அடியைத் தமிழில் எழுதினேன். படத்துக்கு ஐந்து அல்லது ஆறு பாடல்கள். அப்பாவே நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். மூன்று வாரங்கள், இரவு உணவுக்குப் பிறகு தினமும் ஒரு மணி நேரம். அவர் ஒரு பாடலின் அடியைக்கூடத் தவறாகச் சொல்லவில்லை.

திரைப்பட விசிடிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 352க்கு 288 புள்ளிகள் கொண்ட படம் பெரிய திரையில் பரிதாபமாகத்தான் இருக்கும். நல்ல டிவிடி இருந்த படங்களை விட்டுவிட்டு, வேறு வடிவில் எங்களிடம் இல்லாத பதினெட்டுப் படங்களை மட்டும் எடுத்து, இரண்டு மூன்று தட்டுகளை ஒன்றாக இணைத்துவிட்டேன். புளூரே பன்னிரண்டும் ஒரு வார இறுதியில் முடிந்தன.

இதெல்லாம் சட்டப்படி சரியா என்று அக்கா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை மீறலாகக் கருதுவதில்லை. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, நகலெடுப்பைத் தடுக்கும் மின்னணுப் பூட்டை உடைப்பதை ‘உரிமையை மீறும் நோக்கத்தோடு’ செய்தால் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டுகள் வரை சிறை. ஆகவே நான் வகுத்துக்கொண்ட எல்லை இது: காசு கொடுத்து வாங்கி இன்றும் கையில் உள்ள தட்டுகள் மட்டும்; இரவல் தட்டு கிடையாது; வீட்டுக்கு வெளியே யாருக்கும் ஒரு கோப்பும் போகாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் 2014 அக்டோபரில் வந்த, சொந்தப் பயன்பாட்டுக்குப் படியெடுக்க அனுமதித்த விலக்கு, 2015 ஜூலையிலேயே நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது.

எல்லாம் சேர்ந்து ஒன்றரை டெராபைட். இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. உள்ளங்கை அளவுள்ள, இன்டெல் என்100 சில்லு கொண்ட ஒரு சிறு கணினியும், 4 டெராபைட் வன்தட்டுகள் இரண்டும் போதுமானவையாக இருந்தன. வன்தட்டுகளோடு சேர்த்துச் சராசரியாக 20 வாட் எடுக்கிறது. நாள் முழுவதும் ஓடினாலும் மாதத்துக்கு 14 யூனிட் சொச்சம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புகள் கெடும் என்பதால் ஒரு சிறிய யூபிஎஸ் கட்டாயம் வேண்டும். மீடியா சர்வர் நிரலாக ஜெல்லிஃபின்னைத் தேர்ந்தெடுத்தேன். 2018 டிசம்பரில் எம்பி (Emby) என்ற நிரலிலிருந்து பிரிந்து வளர்ந்த திறந்தமூல நிரல் இது. யாரிடமும் கணக்குத் தொடங்க வேண்டாம். இணையம் அறுந்தாலும் வீட்டுக்குள் படம் ஓடும். அது தன்னிடம் உள்ள கோப்பின் பெயரை வைத்துத்தான் சுவரொட்டியையும் விவரத்தையும் தேடி எடுக்கிறது என்பதால், படத்தின் பெயரோடு வெளியான ஆண்டையும் எழுதிவிட வேண்டும். ‘பில்லா’ என்று மட்டும் எழுதினால் 1980ஆ, 2007ஆ என்று அதற்குத் தெரியாது. ‘மாப்பிள்ளை’ என்றால் 1989ஆ, 2011ஆ என்று தெரியாது. குடும்பப் பதிவுகளுக்குத் தனி நூலகம் ஒன்றை உருவாக்கி, இணையத்தில் தேட வேண்டாம் என்று அமைத்தேன். இல்லாவிட்டால் அக்காவின் திருமணத்துக்கு ஏதோ ஒரு வேற்றுமொழிப் படத்தின் சுவரொட்டியை ஒட்டிவிடும்.

இரண்டு வன்தட்டுகளில் ஒன்று மற்றொன்றின் அச்சாக இயங்குகிறது. ஆனால் அது காப்புப்படி ஆகாது. ஒன்றில் தவறுதலாக அழித்தால் மற்றதிலும் அதே நொடியில் அழிந்துவிடும். இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். எனவே மூன்றாவதாக ஒரு வன்தட்டில் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுப் பட்டியலாகச் சேர்த்து, கரூரில் அக்கா வீட்டுப் பீரோவில் வைத்திருக்கிறோம். ஆண்டுக்கு இரண்டு முறை அது திருச்சிக்கு வந்து, எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, புதியவற்றை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போகும்.

தட்டுகளை எறியவில்லை. உறைகளின் இரு பக்கங்களையும், அப்பாவின் கையெழுத்தோடு, ஸ்கேன் செய்துவிட்டு, செங்குத்தாக அடுக்கி, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட மூன்று பிளாஸ்டிக் பெட்டிகளில் மூடினேன். வெயில் படாத கீழ்த்தள அறையில் அவை இருக்கின்றன. நான்காவதாக ஒரு சிறிய பெட்டி என் மேசையிலேயே இருக்கிறது. அதில் இன்னும் படிக்க முடியாத ஏழு தட்டுகள்: ஃபைனலைஸ் செய்யாத கேம்கார்டர் டிவிடி ஒன்று, மேல்பூச்சு உரிந்த சிடிகள் நான்கு, எந்த டிரைவும் அடையாளம் காணாத டிவிடிகள் இரண்டு. பழைய கணினி விற்கும் கடைகளில் வேறு தயாரிப்பு டிரைவ் கண்ணில் பட்டால் வாங்கி வந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன். சென்ற மாதம் அப்படிக் கிடைத்த டிரைவ் ஒன்றில், அதுவரை எட்டாவதாக இருந்த தட்டு திறந்தது. 2005 பொங்கலன்று வாசலில் எடுத்த பதினோரு புகைப்படங்கள்.